கோட்டார், இளங்கடை, இடலாக்குடி பக்கம் குடிவரலாமா? ஊர் எப்படி?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. நாகர்கோவில் ஜங்ஷனுக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. நாங்கள் திருச்சிப் பக்கம். கோட்டாருக்கும் இடலாக்குடிக்கும் நடுவில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஸ்டேஷன் பக்கம், வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் அவரோடு வேலை பார்க்கிறவர்கள், "அது ஊர் ஓரம், பழைய சந்தை ஏரியா. டவுன் என்றால் வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம்தான்" என்கிறார்கள்.

வீடு பார்க்கப் போன தெருவில் இருந்து பார்த்தால் பள்ளிவாசல் மினாராவும் தெரிகிறது, பிள்ளையார் கோயிலும் தெரிகிறது, முக்கில் ஒரு குருசடியும் இருக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் நான் எங்கும் இருந்ததில்லை. ஊரின் பூர்வீகம், ஜனங்கள், திருவிழா, சத்தம் சந்தடி எல்லாம் தெரிந்தவர்கள் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

வடசேரி வேலன்

அக்கா, வேண்டாம். கேப் ரோட்டில் சாயங்காலம் ஒரு தடவை சிக்கிப் பாருங்கள், பிறகு தெரியும். கம்போளத்துக்குள், அதாவது கோட்டார் சந்தைக்குள், லாரி ஒன்று நுழைந்துவிட்டால் சைக்கிள்கூடப் போகாது. பார்வதிபுரம் பக்கம் புது வீடுகள் நிறைய வருகின்றன, காற்றும் நன்றாக வரும்.

கம்போளத்தான்

வேலன் தம்பி சொல்கிற நெருக்கடி உண்மை. அதை மறுக்க மாட்டேன், என் வீட்டு வாசலிலேயே தினமும் அதைப் பார்க்கிறேன். ஆனால் "ஊர் ஓரம்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் என்ற பெயரில் ஒரு நகரம் உருவாவதற்குப் பல நூறு வருஷம் முன்பே கோட்டாறு ஊராக இருந்தது. கி.பி. 2-ம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியலில் ஆய் நாட்டின் தலைநகராகக் 'கோட்டியாரா' வருகிறது. அது நம் கோட்டாறுதான் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் கருத்து. கழுகுமலைச் சமணச் சிற்பங்களுக்குக் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளைப் படித்தால் 'திருக்கோட்டாற்று'க் குரவடிகள் என்று திரும்பத் திரும்ப வரும். சமண ஆசிரியர்கள் இங்கிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பாறையில் திருமேனி செதுக்கக் காரணமாக இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சோழர்கள் வந்தார்கள். மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் வைத்தார்கள். முதலாம் குலோத்துங்கன் கோட்டாற்றைக் கொளுத்தினான் என்று கல்வெட்டு சொல்கிறது. கொளுத்திவிட்டு இங்கேயே ஒரு நிலைப்படையையும் நிறுத்தினான். கொளுத்துவதற்கும் படை நிறுத்துவதற்கும் தகுந்த ஊராக இருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

இன்றைக்கு ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிற நாகராஜா கோயிலும் சமணத் தொடர்பு உள்ளதுதான். தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி உருவங்கள் இன்றும் இருக்கின்றன. 16-ம் நூற்றாண்டில்கூட குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற இரண்டு சமணர்களுக்கு அந்தக் கோயிலில் நிலம் விட்டுக்கொடுத்த கல்வெட்டு உண்டு. பால் ஊற்றக் கூட்டம் கூடும் ஆவணி ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தூணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது வேறு விஷயம்.

சரி, அப்படியானால் கோட்டார் எப்படி ஓரமானது? மிஷனரிகள் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து பள்ளிக்கூடம், அச்சகம், சபைக் கோயில் எல்லாம் வடக்கே அமைத்தார்கள். கச்சேரி, நீதிமன்றம், பெரிய பஸ் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றும் மணிமேடைக்கும் வடசேரிக்கும் நகர்ந்தன. சந்தை மட்டும் இங்கேயே இருந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் வடக்கே வீடு கட்டினார்கள், மூட்டை தூக்குகிறவர்களும் கடை வைத்தவர்களும் தெற்கே தங்கினார்கள். 1979-ல் திருவனந்தபுரம் பாதை திறந்தபோது ரயில் வந்து நின்றது கோட்டாரில்தான். பலகையில் நாகர்கோவில் என்று எழுதினார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'கோட்டார் ஸ்டேஷன்' என்று சொல்வதை இன்னும் விடவில்லை.

இளங்கடைக்காரர்

கம்போளத்தான் அண்ணனுக்கு ஸலாம். நீங்கள் சோழரோடு நிறுத்திவிட்டீர்கள், எங்கள் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இளங்கடை, இடலாக்குடி இரண்டும் ஒட்டிக் கிடக்கும் முஸ்லிம் குடியிருப்புகள். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள், எங்களுக்கு அது பிடிக்காது. 18-ம் நூற்றாண்டில் ஞானியார் சாகிபு என்ற சூஃபிப் புலவர் கோட்டாற்றில் வாழ்ந்து தமிழில் ஞானப் பாடல்கள் பாடினார். தக்கலையில் பீர்முகம்மது அப்பா பாடியதன் தொடர்ச்சி அது. ரஜப் மாதம் 14-ம் இரவு தக்கலை தர்காவில் விடிய விடிய ஞானப்புகழ்ச்சி ஓதுவார்கள், இங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் போவோம். அந்தப் பாட்டெல்லாம் நல்ல தமிழ். ஓதுகிறவர்களில் பலர் எழுத்துப் பார்க்காமலே சொல்வார்கள்.

இடலாக்குடி என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1874-ல் இங்கே பிறந்தவர். தமிழ் கற்றது சங்கரநாராயண அண்ணாவியாரிடம். 1907 மார்ச் 10-ம் தேதி சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொன்னார், அதிலிருந்து சதாவதானி. வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று பெரிய சண்டை நடந்தபோது, அருட்பாதான் என்று மேடையேறி வாதாடியவர் இந்த முஸ்லிம் புலவர். சீறாப்புராணத்துக்கு உரையும் எழுதினார். கதர் கட்டிய காங்கிரஸ்காரர். 1950-ல் மௌத்தானார். 2008-ல் தபால் தலை வெளியிட்டார்கள். அரசுப் பள்ளிக்கூடம் அவர் பெயரில் இடலாக்குடியில் இருக்கிறது, மணிமண்டபமும் இருக்கிறது.

ஒரு கதை, ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவரை மடக்குவதற்காக ஒருவர் 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடியும்படி வெண்பா கேட்டாராம். பாவலர் ராமனின் தம்பிகளை வரிசையாக அடுக்கி, பரதன், இலக்குவன் என்று கொண்டுவந்து 'சத்துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடித்தாராம். என் வாப்பா இதைச் சொல்லும்போது கடைசி அடிக்கு முன் நிறுத்தி, வெற்றிலை மடிக்கத் தொடங்கிவிடுவார். புதிதாகக் கேட்கிறவர் தவித்துப் போவார்.

காவிரிக்கரை அக்காவுக்கு: ரமலானில் அந்தத் தெருவில் இருந்தால் அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குவாளியோடு போய் நிற்கலாம், யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள். வரிசையில் பாதிப் பிள்ளைகள் விபூதியோடும் சிலுவைச் சங்கிலியோடும்தான் நிற்கும்.

வடசேரி வேலன்

கஞ்சி விஷயத்தில் நான் சரணடைகிறேன். டிராஃபிக் விஷயத்தில் இல்லை.

சவேரியார் ஜங்ஷன்

இழை நன்றாகப் போகிறது. கோட்டார் சவேரியார் பேராலயத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதாததால் நான்.

1544-ல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்தே ஊர் ஊராகப் போனார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வடுகர் படை இந்தப் பக்கம் பாய்ந்து வந்தபோது சிலுவையோடு எதிரில் போய் நின்று திருப்பி அனுப்பினார் என்பதும், அதற்கு நன்றியாக ராஜா கோட்டாற்றில் கோயிலுக்கு இடம் கொடுத்தார் என்பதும் எங்கள் மரபு. வரலாற்றாசிரியர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் வாதிடட்டும், தேர் ஓடும் ராத்திரி அந்த வாதம் எடுபடாது. 1930-ல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து கோட்டாறு தனி மறைமாவட்டமானபோது இது பேராலயமானது.

இங்கேதான் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை. நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, அரண்மனை உத்தியோகத்தில் இருந்து, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலெனாயோடு பழகி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் கோட்டாற்றுக்குக் கொண்டுவந்து கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். 2012-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம்.

திருவிழா நவம்பர் 24-ல் கொடியேறி டிசம்பர் 3-ல் முடியும். 3-ம் தேதி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. கடைசி மூன்று நாளும் தேர். தேர் ராத்திரி வருவதை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். வீட்டு வாசல்களில் மெழுகுதிரி எரியும். ஜனங்கள் உப்பும் மிளகும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள், தேர் பக்கத்தில் வந்ததும் காணிக்கையாகப் போடுவார்கள். ரோட்டில் கால் வைத்தால் மிளகு நொறுங்கும். தேருக்குப் பின்னால் ஈரத்துணியோடு தரையில் விழுந்து விழுந்து கும்பிட்டு வருகிறவர்கள் ஒரு பெரிய கூட்டம். ஆண், பெண், வயசானவர், சின்னப் பிள்ளைகள். அதில் நெற்றியில் குங்குமம் வைத்த அம்மாமார் எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று நேர்ந்திருப்பார்கள். பாதிரியாரும் கேட்பதில்லை, அவர்களும் விளக்குவதில்லை.

நாஞ்சில் நண்டு

ஒரு சின்னச் சேர்க்கை. ஒழுகினசேரியில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த வீடு, அதே பக்கத்தில் சோழர் காலத்துச் சோழராஜா கோயில், கொஞ்சம் தள்ளிப் பழையாறு. கோட்டாரிலிருந்து நடக்கிற தூரம். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த கவிமணி தமிழ்க் கவிஞரானதும் இதே வட்டாரத்தில்தான்.

கணக்குப்பிள்ளை பேரன்

எல்லாரும் ஒரே புகழ்ச்சியாக எழுதுகிறீர்கள். சர்க்கரையாக இருக்கிறது, எனக்குச் சேரவில்லை.

இந்த ரோட்டில் எல்லாரும் நடக்க முடிந்ததே நேற்றைக்குத்தான். மேலாடை போட்டதற்காகப் பெண்களை அடித்த நாடு இது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டு நடந்து 1859-ல்தான் அரசு ஆணை வந்தது. அந்த ஆணையிலும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற கொக்கி இருந்தது. இடலாக்குடியிலிருந்து கொஞ்சதூரம் போனால் சுசீந்திரம். கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926-ல் சத்தியாக்கிரகம், பிறகு 1930-ல் மறுபடியும். டாக்டர் எம்.இ.நாயுடு முன்னால் நின்றார், அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்த பிறகுதான் கதவு திறந்தது. 1982-ல் மண்டைக்காட்டில் இந்து – கிறிஸ்தவக் கலவரம், துப்பாக்கிச் சூடு, கமிஷன். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எத்தனை கடைப் பெயர்ப்பலகையில் சாமி படம் பெரிதானது என்று வயசானவர்களிடம் கேளுங்கள்.

இன்றைக்கும் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "நீங்க என்ன ஆளு?" எனக்கே நடந்தது. வீட்டுக்காரர் காப்பி கொடுத்தார், அட்வான்ஸ் பேசினார், பெயரைச் சொன்னதும் "மகன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லுதேன்" என்றார். மகன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போல.

கம்போளத்தான்

> எல்லாரும் ஒரே புகழ்ச்சியாக எழுதுகிறீர்கள்

நீர் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. வாடகை விஷயம் அசிங்கம்தான், என் தெருவிலேயே நடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.20. யாரும் யாரையும் அசட்டை பண்ண முடியாத கணக்கு. தேர்தல் வந்தால் இந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாக் கட்சியும் ஆள் நிறுத்துகிறது. அதனால் ஒற்றுமைப் பாட்டு பாட நான் வரவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. கோட்டாரில் அன்பு அதிகம் என்று எவனாவது சொன்னால் சிரிப்பேன். இங்கே இருப்பது கொடுக்கல் வாங்கல். கம்போளத்தில் அரிசி, புளி, மிளகாய் மொத்தக் கடை நாடார் வைத்திருப்பார், செட்டியார் வைத்திருப்பார், சாயபு வைத்திருப்பார். ஒரு கடையில் சரக்கு தீர்ந்தால் எதிர்க்கடையிலிருந்து மூட்டை எடுத்து வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, சாயங்காலம் கணக்குத் தீர்ப்பார்கள். துண்டுச் சீட்டில் எழுதியது போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார், டிசம்பர் தேர் அன்றைக்கு இவர் பார்த்துக்கொள்வார். கலவர காலத்தில் கடை அடைத்தால் மூன்று பேருக்கும் நஷ்டம். ஐந்தாறு தலைமுறையாக இந்தக் கணக்கு எல்லார் தலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது ரோடு. இங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய ரோடு, கன்னியாகுமரிக்குப் போகிற ரோடு. சவேரியார் திருவிழாக் கூட்டம் அதில்தான். மார்கழியில் கோட்டார் வலம்புரி விநாயகர் சுசீந்திரத்துக்குப் போவதும் அதில்தான். அய்யா வைகுண்டரின் மாசி 20 ஊர்வலமும் அதில்தான். ஒவ்வொருவனும் வருஷத்தில் ஒரு நாள் மற்றவனை மறித்து நிற்கிறான். தன் முறை வரும்போது வழி வேண்டுமே என்பதால் மற்ற நாளில் பொறுத்துக்கொள்கிறான். போலீசும் தாசில்தாரும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதும் உண்டு, முகம் சுளிப்பதும் உண்டு. அப்படித்தான் ஓடுகிறது.

தாமரைக்குளம் வழி

மாசி 20 பேச்சு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். அய்யா வைகுண்டர் அவதார தினம். 1809-ல் பிறந்தவர், 1833-ல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்தார் என்பது எங்கள் நம்பிக்கை. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க முத்திரிக் கிணறு, சேர்ந்து உண்ணச் சமபந்தி, தலைப்பாகை கட்டிக் கும்பிடும் முறை. தலைப்பாகை கட்டினால் அடி விழும் காலத்தில் கும்பிடவே தலைப்பாகை கட்டச் சொன்னவர் அவர். திருவிதாங்கூர் ராஜா பிடித்துக்கொண்டு போய்த் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தார். கணக்குப்பிள்ளை பேரன் அண்ணன் எழுதிய அந்த ரோட்டுக் கதையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் வாகனப் பேரணிகள் நாகராஜா திடலுக்கு வந்து சேரும். மறுநாள் காலையில் அங்கிருந்து ஊர்வலம் புறப்பட்டுக் கோட்டார், இடலாக்குடி, சுசீந்திரம், வடக்குத் தாமரைக்குளம் வழியாகச் சாமித்தோப்பு போய்ச் சேரும். காவிக் கொடியும் 'அய்யா சிவசிவ அரகரா' சத்தமுமாக இருக்கும். தாகத்துக்கு வழியெங்கும் மோரும் போஞ்சியும் (எலுமிச்சைச் சாறு) கொடுப்பார்கள்.

ஒரு குறை: நாங்கள் போகும்போது சாலையோரத்தில் குப்பை நிறைய விழுகிறது. இரண்டு மூன்று வருஷமாகப் பையன்கள் சாக்கு எடுத்துப் பின்னால் வருகிறார்கள், போதாது.

அல்கோபார் அனிஷ்

சவூதியிலிருந்து எழுதுகிறேன். வீடு வாங்குகிற எண்ணம் பிற்பாடு வந்தால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும், மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டிக்கொள்ள வேண்டும். நிறையப் பத்திரங்கள் மலையாள எழுத்தில் இருக்கும். எங்கள் பாட்டா வாங்கிய மனைக்கு நான்கு எல்லையும் மலையாளத்தில், கையெழுத்து தமிழில், அளவு செண்டில். படித்துக் காட்ட ஆள் கிடைப்பது வர வரக் கஷ்டமாகிறது. தாய்ப்பத்திரத்தை ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டோடு சேர்வதற்கு 1954-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் குண்டடி பட்டுச் செத்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய நேசமணி அய்யா பெயர் இங்கே பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் சேர்ந்தபோதுதான் கன்னியாகுமரி மாவட்டம்.

காவிரிக்கரை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. சில நடைமுறைக் கேள்விகள். ஒன்று, நாங்கள் சைவம், மீன் வாசனை பிரச்சினையாகுமா? இரண்டு, மைக் சத்தம். பெரிய பையன் பத்தாம் வகுப்பு. மூன்று, நடக்க நல்ல இடம் இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை பேரன் சார் எழுதியதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. எங்களையும் "என்ன ஆளு" என்று கேட்டார்கள். நாங்கள் சொன்னோம், வீடு கிடைத்தது. அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சவேரியார் ஜங்ஷன்

மீன் வாசனை இல்லாத தெரு இந்த மாவட்டத்தில் வேண்டுமென்றால் வடிவீசுவரம் அக்ரகாரம் போக வேண்டும், அங்கேயும் இப்போது சந்தேகம். காலையில் சாளை, நெத்திலி, சூரை என்று கூவிக்கொண்டு வருவார்கள். ஆனால் சைவச் சாப்பாட்டுக்கும் இதைவிட நல்ல ஊர் கிடையாது. தீயல், அவியல், எரிசேரி, புளிக்கறி, உளுந்தஞ்சோறு. பக்கத்து வீட்டில் தேங்காய் வறுக்கிற வாசனை வந்தால் தீயல் என்று புரிந்துகொள்ளுங்கள். மட்டிப் பழம் வாங்குங்கள், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வீடு தேடி வரும். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். என்ன போடுவது என்று தெரியாத வீட்டில் சீனி போட்டுக் கொடுப்பார்கள்.

மைக் சத்தத்துக்குப் பதில் என்னிடம் இல்லை. மார்கழியில் காலை நாலரைக்குக் கோயில் பாட்டு, ஐந்துக்குப் பாங்கு, ஐந்தரைக்குத் திருப்பலி மணி. பையன் அலாரம் வைக்க வேண்டியதில்லை.

இளங்கடைக்காரர்

பத்தாம் வகுப்புப் பையனுக்கு ராத்திரி படிக்க வசதி. எங்கள் தெருவில் பத்து மணிக்கு மேல் ரமலான் தவிர வேறு நாளில் சத்தம் கிடையாது. ரமலானில் தூக்கம் போகும், பிரியாணி வரும்.

நடப்பதற்கு: இடலாக்குடி தாண்டிச் சுசீந்திரம் பக்கம் போனால் குளங்கள். சுசீந்திரம் – தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல் ராம்சார் தகுதி கிடைத்திருக்கிறது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும். காலையில் ரோட்டோரமாக நிறுத்திப் பார்த்தாலே தெரியும். குப்பை கொட்டுகிறவர்களும் அங்கேதான் கொட்டுகிறார்கள், என்ன செய்ய.

கணக்குப்பிள்ளை பேரன்

காவிரிக்கரை அம்மா, நீங்கள் சங்கடப்பட வேண்டாம், அதற்காக எழுதவில்லை. எனக்கு வேறு வீடு கிடைத்தது, கோட்டாரிலேயேதான். கொடுத்தவர் இந்தத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் கேட்ட ஒரே கேள்வி, வாடகை ஐந்தாம் தேதிக்குள் வருமா. கம்போளத்தான் சொன்ன கொடுக்கல் வாங்கல் தியரிக்கு இது ஒரு மார்க் கொடுக்கலாம். முழு மார்க் கொடுக்க மாட்டேன். வியாபாரத்தில் சேர்ந்து நிற்கிறவர்கள் கல்யாணச் சம்பந்தம் என்றதும் தனித்தனியாகப் போய்விடுகிறார்கள். பெண் கொடுக்காத ஊரை ரொம்பவும் தூக்கிப் பேச என்னால் முடியாது.

கம்போளத்தான்

ஒரு மார்க் போதும். நான் பள்ளிக்கூடத்திலும் அதைத் தாண்டி வாங்கியதில்லை.

சம்பந்தம் பற்றி நீர் சொன்னதற்கு என்னிடம் பதில் கிடையாது. என் மருமகள் வேறு மதம். கல்யாணத்துக்குக் கம்போளம் முழுக்க வந்து சாப்பிட்டது, என் சொந்தத் தம்பி வரவில்லை.

நாஞ்சில் நண்டு

மார்கழி நெருங்குகிறது. மக்கள்மார் சந்திப்பை இதுவரை நேரில் பார்த்ததில்லை. எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்?

தாமரைக்குளம் வழி

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவின் மூன்றாம் நாள் ராத்திரி. கோட்டார் வலம்புரி விநாயகர், வேளிமலை முருகன், மருங்கூர் முருகன் என்று பிள்ளைகள் அப்பா அம்மாவைப் பார்க்க வருவதாக ஐதீகம். ரத வீதியில் கூட்டம் நெருக்கும், பின்னால் நின்றால் குடைதான் தெரியும். கோட்டாரில் விநாயகர் புறப்படும்போதே போய்ப் பாருங்கள், இடலாக்குடி வரை பக்கத்திலேயே நடக்கலாம். வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் வேலன் தம்பி மறுபடியும் டிராஃபிக் என்று எழுதுவார்.

வடசேரி வேலன்

எழுதுவேன்.